கயிற்றின் மறுமுனை

தூத்துக்குடியின் திரேஸ்புரத்தில் இந்த வாரம் பார்த்த காட்சி இன்னும் மனதை அறுக்கிறது. மீனவர் நலத் திட்டம் ஒன்றுக்கு இனி செல்போனிலேயே விண்ணப்பிக்கலாம் என்று ஓர் அலுவலகம் அறிவித்திருக்கிறது. வலை இழுத்துக் காய்த்துப்போன விரலைச் சாரத்தில் துடைத்துத் துடைத்துத் திரையைத் தொடுகிறார் ஒரு பெரியவர். ஓடிபி வந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் படிவம் காலி. "எல்லாம் போச்சே தம்பி, மறுபடியும் மொதல்ல இருந்தா?"

ஒரு திரையில் இப்படி எவ்வளவு நேரம் போகும் என்று முன்கூட்டியே கணக்கிட வழி சொன்னவர்கள் கார்ட், மோரன், நியூவெல் என்ற மூன்று ஆய்வாளர்கள். மனிதர் கணினியோடு புழங்கும் உளவியல் பற்றி 1983இல் அவர்கள் எழுதிய புத்தகத்தைப் பற்றி நான் எத்தனை முறை பேசினாலும் தீராது. வேலையைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்தார்கள். சராசரித் தேர்ச்சியுள்ள தட்டச்சருக்கு ஒரு விசைக்கு 0.2 நொடி, மவுஸால் ஓரிடத்தைச் சுட்ட 1.1 நொடி, அடுத்து என்ன என்று மனம் தயாராக 1.35 நொடி. கூட்டினால், திரையைச் செய்யும் முன்பே அதில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்லிவிடலாம். யோசிக்கும் நேரத்துக்கும் கணக்கில் இடம் கொடுத்தார்களே, அதற்காகவே அவர்களைக் கொண்டாடுவேன். ஆனால் அந்தக் கணக்கு கைதேர்ந்தவருக்கு, தப்பே செய்யாதவருக்கு. அதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

தடுமாறுகிறவருக்கான ஏற்பாடு நம் கடலிலேயே இருந்தது. முத்துச்சிப்பி கிடக்கும் முத்துப்பாரில் ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம். முத்துக்குளிக்கும் குளியாள் கல்லில் கால் வைத்து இறங்குவார். தரை தட்டியதும் கல்லை விடுவார், தோணியில் இருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். சிப்பி வார ஒரு நிமிடம் கிடைத்தால் பெரிது. மூச்சு முட்டினால், தோணியில் இருப்பவர் பிடித்திருக்கும் கயிற்றை ஒரு சுண்டு, அவ்வளவுதான். பேச முடியாது, யோசிக்கத் தெம்பிருக்காது. அந்த நிலையிலும் தவறாத ஒரே செய்கையைத்தான் அவரிடம் கேட்டார்கள். மிச்சப் பாரமெல்லாம் மேலே இருப்பவருக்கு. அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று இங்கே சொல்வதுண்டு. அக்கா தங்கை தாலி அவன் பிடியில் இருக்கும்போது கை தளருமா?

1961க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு இல்லை. திரை செய்கிறவர்கள் அந்த மச்சானிடம் கற்க வேண்டியது மட்டும் அப்படியே இருக்கிறது. படிவத்தை வெளியிடும் முன் ஒரு காலைப்பொழுது மீன் ஏலம் நடக்கும் இடத்தில் வந்து உட்காருங்கள். யார் எந்த இடத்தில் நிற்கிறார், எங்கே திரும்பிப் போகிறார், எத்தனை நொடி யோசிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்த பிறகு அறிவியுங்கள்.