அந்த நீர்மூழ்கிக்கு ஒரு முன்கதை உண்டு

ஜனவரி 23 வந்தால் எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் ஒரு படம் தவறாமல் வந்துவிடும். நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றில் ஜப்பானியக் கடற்படையினர் வரிசையாக இருக்க, அவர்களோடு நேதாஜி. கீழே மாமா எழுதியிருப்பார்: 'கடலுக்கு அடியில் வந்த சிங்கம்.' கைகூப்பும் எமோஜி ஐம்பதுக்குக் குறையாமல் விழும். நானும் பல வருஷம் போட்டிருக்கிறேன். போன வருஷம் போடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டேன், அதோடு வம்பு வந்தது. அந்த வம்பைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இது எங்கள் வீட்டோடு முடிகிற விஷயம் இல்லை.

நான் கேட்டது இதுதான்: "மாமா, இந்தக் கப்பல் நேதாஜியை ஏத்துறதுக்கு முன்னாடி என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு தெரியுமா?"

கப்பலின் பெயர் ஐ-29. பயணக் கதை நம்மில் பலருக்குத் தெரியும். 1943 பிப்ரவரியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து யு-180 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியில் போஸும் அபித் ஹசனும் கிளம்பினார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் பினாங்கிலிருந்து ஐ-29 புறப்பட்டது. இரண்டும் மடகாஸ்கருக்கு அருகே சந்தித்தன. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் 28 அன்று இருவரும் ரப்பர் படகு ஒன்றில் அலைகளுக்கு நடுவே மாறி ஏறினார்கள். மே மாதம் சுமத்திராவின் வட முனையிலுள்ள சபாங்கில் இறங்கினார்கள். ஜூலை 2 அன்று போஸ் சிங்கப்பூரில். போர்க்காலத்தில் ஒரு நாட்டு நீர்மூழ்கியிலிருந்து இன்னொரு நாட்டு நீர்மூழ்கிக்கு நடுக்கடலில் ஒரு அரசியல் தலைவர் மாறியது வேறெங்கும் நடந்ததாக நான் படித்ததில்லை. சிலிர்க்க வேண்டிய கதைதான், மறுக்கவில்லை.

அதற்கு ஐந்து மாதம் முன்பு, 1942 நவம்பர் 23. எஸ்.எஸ். திலாவா என்ற பயணிகள் கப்பல் பம்பாயிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. கப்பலில் 958 பேர். பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள், அதிலும் ஆப்பிரிக்காவில் கடை வைத்திருந்த, வேலை பார்த்த குடும்பங்கள். பெண்கள், குழந்தைகள். செஷல்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே, இருட்டில், முதல் டார்பிடோ தாக்கியது. மக்கள் படகுகளில் இறங்கினார்கள். கப்பல் உடனே மூழ்கவில்லை என்று பார்த்து சிலர் திரும்பவும் ஏறினார்கள். அப்போது இரண்டாவது டார்பிடோ வந்தது. 280 பேர் செத்தார்கள். இரண்டு நாள் கழித்து பிரிட்டிஷ் போர்க்கப்பல் பர்மிங்ஹாம் வந்து, மிதந்துகொண்டிருந்தவர்களை எடுத்தது.

டார்பிடோ விட்டது ஐ-29. படத்தில் இருக்கும் அதே கப்பல். கப்பல் தலைவரும் அதே ஆள், இஸு ஜுயிச்சி.

இதைக் குழுவில் போட்டேன். முதலில் அமைதி. பிறகு மாமா, "டேய் தம்பி, இதெல்லாம் வெள்ளைக்காரன் எழுதுன கதை. நேதாஜிய அசிங்கப்படுத்தப் பாக்குறியா?" என்றார். ஒரு அண்ணன், "போர்னா அப்படித்தான்" என்றார். சித்தி ஒருவர் குழுவை விட்டே போய்விட்டார்.

நேதாஜியை நான் எதுவும் சொல்லவில்லை. தான் ஏறிய கப்பலின் டார்பிடோக் கணக்கை யாரும் அவரிடம் ஒப்பித்திருக்க மாட்டார்கள். என் கோபம் நம் மீது. எண்பது வருஷம் கழித்து, கையில் போனும் இணையமும் இருந்தும், நாம் அந்தக் கப்பலைப் புஷ்பக விமானம் மாதிரி வைத்துக் கும்பிடுகிறோம். விமானத்துக்கு முன்கதை தேவையில்லை, வந்து இறக்கிவிட்டுப் போனால் போதும். கப்பலுக்கு முன்கதை உண்டு. பின்கதையும் உண்டு.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. என் வயசுக்காரர்கள், என்னைப் போலவே பொறியியல் படித்தவர்கள். இவர்களுக்கு நேதாஜி முக்கியமில்லை, இயந்திரம் முக்கியம். 'உலகையே நடுங்க வைத்த ஜப்பான் நீர்மூழ்கி' என்று காணொளி போடுவார்கள். பின்னணியில் தடதட இசை. அதில் வரும் விவரங்கள் பெரும்பாலும் சரிதான். ஐ-29 வகை 108 மீட்டர் நீளம். உள்ளே மடித்து வைத்த சின்ன விமானம் ஒன்றைச் சுமந்தது. நிரப்பிய எண்ணெயில் 14,000 கடல் மைல் ஓடும். ஆக்சிஜனில் இயங்கும் டார்பிடோ அந்தக் காலத்தில் மற்றவர்களிடம் இருந்ததைவிட வேகம், தூரம் இரண்டிலும் மேல். போர் முடிவில் வந்த ஐ-400 இன்னும் பெரிது. 122 மீட்டர், மூன்று குண்டுவீச்சு விமானங்கள். பனாமா கால்வாயை உடைப்பதற்குத் திட்டம்.

நானும் வாய் பிளந்து பார்த்தவன்தான். ஆனால் ஒரு இயந்திரத்தைப் பற்றி எழுதும் பொறியாளன் அது எப்படித் தோற்றது என்பதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அது விளம்பரம். பெரிய உடம்பு என்றால் மூழ்க அதிக நேரம், எதிரியின் ஒலிக்கருவிக்குப் பெரிய இலக்கு. ரேடார் தாமதமாக வந்தது. எதிரியின் போர்க்கப்பல்களைத்தான் முதலில் அடிக்க வேண்டும் என்ற கொள்கையிலேயே கடற்படை ஊறிக் கிடந்தது. பிறகு பட்டினி கிடந்த தீவுகளுக்கு அரிசி சுமக்க அதே நீர்மூழ்கிகளை அனுப்பினார்கள். எல்லாவற்றுக்கும் மேல், அவர்களுடைய ரகசியச் செய்திகளை எதிரி படித்துக்கொண்டிருந்தான். போரில் ஏறத்தாழ 130 நீர்மூழ்கிகள் போயின. ஐ-400 பனாமா பக்கமே போகவில்லை. 1946-ல் அமெரிக்கர்களே அதை ஹவாய்க்கு அருகில் மூழ்கடித்தார்கள், ரஷ்யர்கள் கையில் கிடைக்கக்கூடாது என்று.

நம்ம கடலிலும் இது நடந்தது. பினாங்குதான் இந்தியப் பெருங்கடலுக்கான ஜப்பானிய நீர்மூழ்கித் தளம். 1943 நவம்பர் 13 அன்று ஐ-34 பினாங்கை நெருங்கும்போது பிரிட்டிஷ் நீர்மூழ்கி டாரஸ் காத்திருந்து அடித்தது. 1944 ஜூலை 17 அன்று ஐ-166 மலாக்கா நீரிணையில், ஒன் ஃபேதம் பேங்க் கலங்கரை விளக்கத்துக்கு அருகில், டெலிமாக்கஸ் அடித்து மூழ்கியது. போர்ட் டிக்சன் கடற்கரையில் உட்கார்ந்து நாம் வறுத்த மீன் சாப்பிடுகிறோமே, அங்கிருந்து கரையோரமாக வடமேற்கே போனால் வருகிற கடல்தான் அது. அதே மாதம் 26 அன்று, ஜெர்மன் ஜெட் விமானங்களின் வரைபடங்களோடு ஐரோப்பாவிலிருந்து திரும்பிய ஐ-29, பிலிப்பைன்ஸுக்கு வடக்கே அமெரிக்க நீர்மூழ்கி சாஃபிஷிடம் மாட்டியது. அதன் கதை அங்கே முடிந்தது.

காணொளிக்காரர்கள் சொல்லாத இன்னொரு கப்பல் ஐ-8. 1944 மார்ச் 26 அன்று சிசலாக் என்ற டச்சுச் சரக்குக் கப்பலை அது மூழ்கடித்தது. பிழைத்தவர்களை மேல்தளத்துக்கு ஏற்றி, கட்டி, வெட்டியும் சுட்டும் கடலில் தள்ளினார்கள். சுமார் நூறு பேர். அதில் இந்திய லஸ்கர் மாலுமிகளும் இருந்தார்கள். தலைவன் அரிஇஸுமி. நீளமும் டன்னும் சொல்லும் வாய் இதையும் சொல்ல வேண்டும்.

இனி நம்ம தோட்டத்துக்கு வருகிறேன். உண்மையில் என்னை உறுத்தியது இங்கேதான் இருக்கிறது.

ஐ-52 என்று ஒரு சரக்கு நீர்மூழ்கி. 1944-ல் ஜெர்மனிக்குக் கிளம்பியது. ஜப்பானில் இரண்டு டன் தங்கம் ஏற்றினார்கள். சிங்கப்பூரில் 120 டன் ஈயம், ஐம்பது டன்னுக்கு மேல் ரப்பர், மூன்று டன் கொய்னா ஏற்றினார்கள். ஜூன் 24 அன்று அட்லாண்டிக்கில் அமெரிக்க விமானங்கள் அதை மூழ்கடித்தன. 1995-ல் கண்டுபிடித்தபோது ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் கிடந்தது. இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் தங்கத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

எனக்குக் கொய்னா கண்ணில் பட்டது.

என் பாட்டியின் மூத்த அண்ணனை 1943-ல் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். பாட்டி அப்போது ஐந்து வயசுப் பிள்ளை. பெரட்டுக்களத்தில் கங்காணி பேர் படித்தார், மூணு மாசம் வேலை, நல்ல சம்பளம் என்றார், லாரி வந்தது, அவ்வளவுதான் அவருக்கு நினைவு. "சயாமுக்குப் பிடிச்சுட்டுப் போயிட்டானுவ" என்பார். வேறு வார்த்தை இல்லை. அண்ணன் திரும்பவில்லை. அவரோடு போய்த் திரும்பிய ஒருவர், காய்ச்சலில் போய்விட்டார் என்று மட்டும் சொன்னாராம்.

சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் போனார்கள், பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர்கள். போருக்குப் பின் பிரிட்டிஷார் போட்ட கணக்கே செத்தவர்கள் முப்பதாயிரத்தை ஒட்டி என்றது. உண்மை அதைவிட மிக அதிகம் என்று சொல்கிறவர்கள் உண்டு. கொன்றது காலரா, வயிற்றுப்போக்கு, பசி, அடி, மலேரியா. கெமாஸிலிருந்து பகாவ் வழியாகக் கிளந்தான் போகும் பாதையின் தண்டவாளங்களில் பெரும் பகுதியைக்கூடப் பெயர்த்து அங்கே கொண்டுபோனார்கள். ஆளும் இங்கிருந்து, இரும்பும் இங்கிருந்து.

மலேரியாவுக்கு மருந்து கொய்னா. உலகத்துக் கொய்னாவில் பெரும் பகுதி விளைந்தது ஜாவாவில். ஜாவா ஜப்பான் கையில் இருந்தது. அதாவது மருந்து இல்லாமல் இல்லை. யாருக்கு என்பதுதான் கேள்வி. காட்டில் காய்ச்சலில் கிடந்த கூலிக்கு அது எட்டவில்லை, ஜெர்மன் கூட்டாளிக்கு டன் கணக்கில் கப்பலேறியது. அதோடு போன ரப்பர் கட்டுகளில் எந்தத் தோட்டத்துப் பால் என்று எழுதியிருக்காது. ஆனால் மலாயாவில் அந்த மரங்களை வெட்டிய கைகள் பெரும்பாலும் யாருடையவை என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

தேதிகளைப் பாருங்கள். 1943 அக்டோபர் 17, ரயில் பாதையின் இரண்டு முனைகளும் காட்டுக்குள் இணைந்தன. அக்டோபர் 21, சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை நேதாஜி அறிவித்தார். நான்கு நாள் இடைவெளி. இரண்டாவது தேதிக்கு நாம் விழா எடுக்கிறோம். முதல் தேதி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

என்னிடம் வந்த மறுப்புகள் இரண்டு. முதலாவது, "அப்ப வெள்ளைக்காரன் மட்டும் யோக்கியனா?" இல்லை. 1941 டிசம்பரில் பினாங்கிலிருந்து வெள்ளையர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிவிட்டு மற்றவர்களைக் குண்டுக்கு விட்டுப்போனவன் அவன்தான். தோட்டத்துக்கு நம்மைக் கொண்டுவந்தவனும் அவன்தான். ஆனால் ஒருவனுடைய அயோக்கியத்தனம் இன்னொருவனுக்கு நற்சான்றிதழ் ஆகாது.

இரண்டாவது, "ஐ.என்.ஏ.வில் சேர்ந்த நம்ம ஆளுங்களைக் கேவலப்படுத்துறே." இதற்குத்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. சேர்ந்தவர்களில் நாட்டுப் பற்றில் சேர்ந்தவர்கள் உண்டு. சயாமுக்குப் போகாமல் தப்பிக்கச் சேர்ந்தவர்களும் உண்டு. மரவள்ளிக் கிழங்கும் சாக்குத் துணியுமாக இருந்த காலத்தில் சோறும் சீருடையும் கிடைக்கும் என்று சேர்ந்தவர்களும் உண்டு. இதைச் சொன்னால் அவர்கள் சிறுத்துப்போவார்களா? ஒரு பக்கம் துப்பாக்கி, ஒரு பக்கம் தண்டவாளம் என்று நின்ற பதினெட்டு வயசுப் பையன் எடுத்த முடிவை முழுசாகப் புரிந்துகொள்வதுதான் அவனுக்கு மரியாதை. அவனை போஸ்டரில் ஒட்டிவிட்டு, அவன் எதிலிருந்து தப்பித்தான் என்பதை மறைப்பதுதான் கேவலம்.

பினாங்கு நீர்மூழ்கிகள் நேதாஜியை மட்டும் சுமக்கவில்லை. 1942 செப்டம்பரில் ஒரு நீர்மூழ்கி சில இந்திய இளைஞர்களை உளவுப் பணிக்காக மலபார் கரையில் தானூரில் இறக்கியது. கரை ஏறியதும் பிடிபட்டார்கள். 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் அவர்களில் வக்கம் அப்துல் காதர், அனந்தன் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். காதர் மலாயாவில் வேலை பார்த்தவர். இவர்கள் படம் எந்த வாட்சப் குழுவிலும் எனக்கு வந்ததில்லை. நமக்குக் கதாநாயகன் ஒருவர் போதும், கப்பலில் ஏறிய மற்றவர்கள் துணை நடிகர்கள்.

இலக்கியம் இந்த விஷயத்தில் நம்மைவிட நேர்மையாக இருந்திருக்கிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் நம் மொழியில்தான் இருக்கிறது. அ. ரெங்கசாமி சயாம் ரயிலையும் எழுதினார், ஐ.என்.ஏ.வையும் எழுதினார். ஒன்றை எழுத இன்னொன்றை அவர் மறைக்கவில்லை. படிக்காதது நாம். முப்பது வினாடிக் காணொளிக்கு இருக்கும் பொறுமை நமக்கு நாவலுக்கு இல்லை.

பாட்டி போன வருஷம் தவறிவிட்டார். அவர் வீட்டுக் கூடத்தில் நேதாஜி படம் இன்னும் தொங்குகிறது. அண்ணனின் படம் கிடையாது, எடுத்ததே இல்லை. சின்ன வயசில் ஒரு தடவை கேட்டேன், "ஜப்பான்காரன்தானே பாட்டி உங்க அண்ணனைக் கொண்டுபோனான், அவனோட சேர்ந்தவர் படத்தை ஏன் மாட்டியிருக்கீங்க?" பாட்டி, "அவுரு வேற, அவனுவ வேறடா" என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை. இப்போது பார்த்தால், எங்கள் குழுவில் இருக்கும் ஐம்பது பேரைவிட அவருக்கு விஷயம் தெளிவாக இருந்திருக்கிறது. படத்தையும் மாட்டினார், சயாமையும் மறக்கவில்லை. ஒன்றுக்காக மற்றொன்றை மூடச் சொல்லி அவரிடம் யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் செய்திருக்க மாட்டார்.

அடுத்த ஜனவரி 23-க்கு அந்தப் படத்தை நானே போடப்போகிறேன். கீழே எழுதப்போவது இவ்வளவுதான்: ஐ-29. 1942 நவம்பரில் திலாவாவை மூழ்கடித்தது, 280 பேர் இறந்தார்கள். 1943 ஏப்ரலில் நேதாஜியை ஏற்றியது. அதே வருஷம் பாட்டியின் அண்ணன் சயாமில் இறந்தார்.

சித்தியை மறுபடியும் குழுவில் சேர்த்துவிட்டுத்தான் போடுவேன்.