பொறுப்பைக் கேட்பது குற்றமா?

பதவியைக் கேட்டுப் பெறாதீர் என்று நபி (ஸல்) அவர்கள் அப்துர் ரஹ்மான் பின் ஸமுரா (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியதை மத்ரஸாக்களில் ஓதுகிறோம். அதைத் தவறான இடத்தில் பொருத்தி, விண்ணப்பம் எழுதுவதையே தற்பெருமையாகக் கருதும் பிள்ளைகளைக் கடலூரிலும் சிதம்பரத்திலும் காண்கிறேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படித்தவரும் வளைகுடா வேலைக்கு உடனே விண்ணப்பிக்கிறார். இணையப் பாதுகாப்புக் கொள்கை வகுக்கும் பணிக்கான ஃபெலோஷிப் என்றால் ஒதுங்கிக்கொள்கிறார்.

யூசுஃப் (அலை) அவர்கள் களஞ்சியங்களின் பொறுப்பை மன்னரிடம் தாமே கேட்டதைத் திருக்குர்ஆன் (12:55) எடுத்துரைக்கிறது. அவர்கள் முன்வைத்த தகுதிகள் இரண்டே: பேணிக் காக்கும் பண்பு, அறிவு. குலப்பெருமை பேசவில்லை. பதவி மோகமே பழிக்கப்பட்டது. மக்களின் தேவைக்காகத் தகுதியுடையவர் முன்வருவது பழிக்கப்படவில்லை என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியுள்ளனர்.

இன்றைய களஞ்சியத்தில் இருப்பவை நம் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களுமே. அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. தந்தை துபாயிலும் தாய் பரங்கிப்பேட்டையிலும் இருக்க, தாயின் கைப்பேசியை இயக்கித் தருபவனே பன்னிரண்டு வயது மகன் என்றால், அந்த ஒப்புதல் யாருடையது? இக்கேள்வியைக் கொள்கை வகுப்போர் முன் எழுப்ப, அவ்வீட்டை அறிந்தவர் வேண்டும்.

வழிகள் உள்ளன. பி.ஆர்.எஸ். நிறுவனம் 2010 முதல் நடத்தும் 'லேம்ப்' ஃபெலோஷிப், 25 வயதுக்கு மேற்படாத பட்டதாரிகளை நாடாளுமன்ற உறுப்பினர்களுடன் பணியாற்றச் செய்கிறது. எத்துறைப் பட்டமும் போதும். தமிழ்நாடு அரசு 2022இல் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. இவை இணையப் பாதுகாப்புக்கு மட்டுமானவை அல்ல. எனினும் கொள்கை உருவாகும் இடத்தை அருகிருந்து கற்க உதவுபவை.

விண்ணப்பக் கட்டுரையில் உலகைக் காக்கப் போவதாக எழுத வேண்டாம். உங்கள் தெருவின் ஒரு சிக்கலை எழுதுங்கள். பணத்தை இழந்த ஒருவருக்காக 1930 எண்ணை அழைத்து உதவியிருந்தால், அங்கே கண்ட தடையையும் அதற்கான தீர்வையும் எழுதுங்கள். இல்லாத தகுதியைச் சேர்ப்பது பொய். இருக்கும் தகுதியை மறைப்பதும் பணிவாகாது.

ஜமாஅத் நிர்வாகிகளே, விண்ணப்பத்தின் கடைசித் தேதியை ஜும்ஆவுக்குப் பின் அறிவியுங்கள். அச்செய்தி நம் பெண்பிள்ளைகளையும் சென்றடையட்டும். அறிவும் ஓர் அமானிதமே; அதை உரிய இடத்தில் சேர்ப்போம், இன்ஷா அல்லாஹ்.