நன்மை தீமை யாருடைய உத்தரவு?

கடவுள் இல்லையென்று சொன்னவுடனே ஆஸ்திகர்கள் வழக்கமாய்க் கேட்கின்ற கேள்வி ஒன்று உண்டு. "அப்படியானால் திருடாதே, கொல்லாதே என்பதற்கு யார் ஜவாப்தாரி?" என்பதே அது. இதற்குப் பதில் சொல்லுவதில் நமக்குச் சிரமமில்லை. ஆனால் நம்முடைய தோழர்களிலேயே சிலர், இக்கேள்விக்குப் பயந்தோ அல்லது தாங்கள் மிகவும் துணிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டோ, "நல்லது கெட்டது என்பதெல்லாம் வெறும் ஊர் வழக்கம், அவனவன் அபிப்பிராயம், உண்மையென்று அதில் ஒன்றுமேயில்லை" என்று சொல்லிவிடுகின்றார்கள். இந்தப் பதில்தான் நமக்குக் கவலையளிக்கின்றது.

ஆஸ்திகர் கேள்விக்கு ஏறக்குறைய 2,400 வருஷங்களுக்கு முன்பே கிரேக்க தேசத்தில் பதில் கிடைத்துவிட்டது. பிளேட்டோ எழுதிய யூதிப்ரோ என்னும் சம்பாஷணையில் அது இருக்கின்றது. நாக்ஸோஸ் தீவில் பண்ணை வைத்திருந்த ஒருவரிடம் கூலிக்கு இருந்தவன் குடிவெறியில் அப்பண்ணையின் அடிமை ஒருவனைக் கொன்றுவிட்டான். பண்ணைக்காரர் அவனைக் கை காலைக் கட்டிப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, என்ன செய்யலாமென்று புரோகிதரைக் கேட்டுவர ஏதென்ஸுக்கு ஆள் அனுப்பினார். ஆள் திரும்பி வருவதற்குள் அவன் பசியாலும் குளிராலும் செத்துப்போனான். பண்ணைக்காரரின் மகனான யூதிப்ரோ தகப்பன்மீதே கொலைக் குற்றம் சாட்டக் கோர்ட்டுக்கு வருகின்றான். ஒரு கூலிக்காரனுக்காகத் தகப்பனை மாட்டிவைப்பதா, இது தெய்வ நிந்தனையல்லவா என்று சொந்தக்காரர்கள் ஏசுகின்றார்கள். கோர்ட்டு வாசலில் சாக்ரடீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்கின்றார்: தேவர்கள் விரும்புவதால் ஒரு காரியம் நல்லதாகின்றதா, அல்லது அது நல்லதாயிருப்பதால் தேவர்கள் விரும்புகின்றார்களா? யூதிப்ரோ சுற்றிச் சுற்றிப் பேசிக் கடைசியில் அவசர வேலையிருக்கின்றதென்று நழுவிவிட்டான். முன்னது சரியென்றால், மனிதனைக் கட்டிப்போட்டுக் கொல்லுவதைத் தேவர்கள் விரும்பினால் அதுவே தர்மமாகிவிடும். பின்னது சரியென்றால், நல்லது தேவர்களுக்கு முன்பே, அவர்களுடைய உத்தரவில்லாமலே இருக்கின்றது. இதில் எதை ஒப்புக்கொண்டாலும் கடவுளுக்கு வேலையில்லை.

சாக்ரடீஸ் கேட்ட கேள்வியைவிட அந்தப் பள்ளம்தான் நம் மனதில் நிற்கின்றது. கட்டுண்டு குளிரில் கிடக்கின்றவனுக்கு ஒரு கவளம் சோறு கொடுக்கலாமா என்று தெரிந்துகொள்ளக் கடல் தாண்டியா ஆள் போகவேண்டும்?

இனி, எல்லாம் வழக்கமே என்கின்ற தோழருக்கு வருவோம். அமெரிக்காவில் 1845-ல் தென்பகுதி பாப்டிஸ்டுகள், அடிமை வைத்திருப்பவனும் மிஷனரியாகலாம் என்பதற்காகவே தனிச் சபை கண்டார்கள். 1857-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, கறுப்பர்கள் பிரஜைகளாகவே முடியாதென்று 7 பேருக்கு 2 பேராகத் தீர்ப்புச் சொல்லிற்று. சட்டமும் வேதமும் வழக்கமும் ஒரே பக்கத்தில் இருந்தன. அடிமையாய்ப் பிறந்து தப்பியோடி ஊர் ஊராய்ப் பேசிய பிரடரிக் டக்லஸ் எதிர்ப்பக்கத்தில் இருந்தார். வழக்கம்தான் நியாயமென்றால் டக்லஸ் அல்லவா குற்றவாளி? 1865 டிசம்பரில் 13-வது திருத்தம் நிறைவேறிற்று. அதற்கு முந்தின நாள் வரையில் நியாயமாயிருந்த சவுக்கடி விடிந்தவுடன் அக்கிரமமாக மாறிற்றா? 150 வருஷம் கழித்து 1995-ல் அதே பாப்டிஸ்டு சபை மன்னிப்புக் கேட்டது. தவறென்று ஒன்று இல்லையானால், தொப்பியின் மோஸ்தர் மாறியதற்கு யாராவது மன்னிப்புக் கேட்பார்களா?

நிற்க. தோழர்களின் கட்சிக்குப் பலமான வக்கீல் ஒருவர் இருந்தார் என்பதை மறைப்பது யோக்கியமாகாது. ஆஸ்திரேலியாவில் பிறந்து ஆக்ஸ்போர்டில் போதித்த ஜே. எல். மாக்கி என்பவர் நம்மைப்போல் நாஸ்திகரே. 1977-ல் எழுதிய புத்தகத்தில், மக்கள் நன்மை தீமைகளை உண்மையென்று நம்பித்தான் பேசுகின்றார்கள், ஆனால் அந்த நம்பிக்கை தப்பு என்று வாதித்தார். ஒரு காரியம் கருப்பா சிவப்பா என்று கண் காட்டும். அதைச் "செய்யவேண்டும்" என்பதை எந்த இந்திரியம் காட்டும்? தேசத்துக்குத் தேசம் ஒழுக்கம் வேறுபடுகின்றதே, ஏன்? உலகத்தில் வேறெதையும் போலில்லாத இந்த "வேண்டும்" எங்கே தொங்கிக்கொண்டிருக்கின்றது? நாம் காலேஜில் வாசித்தவரல்ல. இந்த வாதத்தைப் படித்துவிட்டுச் சில நாள் திகைத்துத்தான் இருந்தோம்.

பிறகுதான் ஒன்று தோன்றிற்று. "ஆதாரமில்லாததை நம்பக்கூடாது" என்று நாம் ஊரெங்கும் சொல்லுகின்றோமே, அந்தக் "கூடாது" எங்கே தொங்குகின்றது? அதை எந்தக் கண்ணால் பார்த்தோம்? ஜோசியத்தை நம்புகின்றவன், "ஆதாரம் கேட்பது உன் வழக்கம், நம்புவது என் வழக்கம்" என்றால் சரியென்று திரும்பிவிடுவோமா? நம்முடைய பகுத்தறிவே ஒரு "வேண்டும்"மீது நிற்கும்போது, அதை மட்டும் வைத்துக்கொண்டு நன்மை தீமையைக் கண்ணுக்குத் தெரியவில்லையென்று தள்ளுவது ஒரு கண்ணில் வெண்ணெயும் ஒரு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பதாகும். மாக்கி இந்த ஆட்சேபனையை எண்ணிப்பார்க்காதவரல்ல. அனுபவத்தைக்கொண்டு விளக்கமுடியாதது எதுவானாலும் அதுவும் சேர்ந்து போகட்டுமென்று துணிந்துவிட்டார். அந்தத் துணிவு நமக்கில்லை.

இப்படி நினைப்பதால் நாம் ஆஸ்திகர் பக்கம் சாய்ந்துவிட்டதாகச் சிலர் சொல்லக்கூடும். 2020-ல் பெரும்பாலும் இங்கிலீஷ் பாஷையில் எழுதுகின்ற தத்துவ ஆசிரியர்களைக் கேட்டுக் கணக்கெடுத்தார்கள். நாஸ்திகத்தை ஏற்றவர்கள் அல்லது அதன் பக்கம் சாய்ந்தவர்கள் 100-க்கு சுமார் 67 பேர். நன்மை தீமை உண்மையே என்ற பக்கத்தில் 100-க்கு சுமார் 62 பேர். இரண்டையும் ஒருங்கே கொண்டவர்கள் அநேகர் என்பது இதிலிருந்தே விளங்கும். 2017-ல் காலமான டெரக் பார்பிட் அத்தகையவர். இந்த ஒரு விஷயத்துக்காகவே பெரும் பெரும் பாகங்களாகப் புத்தகம் எழுதினார். தலை எண்ணிக்கை உண்மையாகாது என்பது நமக்கும் தெரியும். ஆனால் கடவுள் போனால் நியாயமும் போகவேண்டுமென்கின்ற பயம் ஆதாரமற்றதென்பதற்கு இது போதும்.

எந்த ஒழுக்கம் உண்மை, எது வெறும் வழக்கம் என்று பிரிப்பது கஷ்டமான வேலைதான். பூமி உருண்டையா என்பதைப்போல் அளந்து காட்டமுடியாது. ஒவ்வொன்றாக வாதித்துத்தான் பார்க்கவேண்டும். ஆனால் மேடையேறி, "எல்லாம் வழக்கமே" என்று முழங்கிவிட்டு அடுத்த மூச்சில் ஜாதிக் கொடுமை மகா அக்கிரமம் என்று பேசுகின்ற தோழரைப் பார்த்து, கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "எந்த ஊர் வழக்கப்படி அக்கிரமம்?" என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்லப்போகின்றார்?