படியெடுத்தல் களவாகுமா?

கொடைரோடு இரயில் நிலையத்தில் என் மாணவர் ஒருவர் பழைய பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் ஒன்றில் ஆழ்ந்திருந்தார். 2004இல் ஜப்பானில் வெளிவந்த கையடக்க விளையாட்டுக் கருவி அது. அதற்குரிய குறுவட்டுகள் இன்று புதிதாக வருவதில்லை. அக்கருவியிலிருந்தே சோனி நிறுவனத்திடம் இணையவழி வாங்கும் வசதியும் நின்றுவிட்டது. எனவே ஆர்வலர்கள் ஆக்கிய மாற்று மென்பொருளைக் கருவியில் நிறுவி, தம் வட்டுகளைப் படியெடுத்து, நினைவக அட்டையில் ஏற்றி ஆடுகிறார். "இது களவாகுமா, ஐயா?" என்றார்.

களவன்று என்பதே என் துணிபு. சீறாப்புராணம் 1842இல் அச்சேறும்வரை ஏட்டுப்படிகளிலேயே வாழ்ந்தது. படியெடுத்த கைகள் ஓய்ந்திருப்பின் செல்லுக்கன்றோ அது இரையாகியிருக்கும்! நம் பதிப்புரிமைச் சட்டமும், முறையாகப் பெற்ற கணிப்பொறி நிரல் அழியாதிருக்கக் காப்புப்படி எடுக்க இடமளிக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மின்னணுப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கிற்று. எனினும் உரிமையைப் பறிக்கும் நோக்கோடு உடைப்பவர்க்கே ஈராண்டு வரை சிறை என்றது. நோக்கமே அளவுகோல்.

ஆனால் காசு கொடாது பிறர் படிகளை வாரி நிரப்பிக்கொள்வதை நான் ஆதரியேன். வீட்டில் எத்தனை வட்டுகள் உள்ளன என வினவினேன். ஏழு என்றார். அட்டையிலோ நாற்பது விளையாட்டுகள். எஞ்சிய முப்பத்து மூன்று? மாணவர் தலைகுனிந்தார், வண்டியும் வந்துவிட்டது.