முதலில் பாதையைச் சொல்லிக்கொடுங்கள்

கணினி நிரல் எழுதப் பழக்கும் நம் வகுப்புகளில் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம், எழுதிய கோப்பைக் கணினி எங்கே போய்த் தேடும் என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம். ஹட்டனில் வார இறுதி வகுப்பு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மலையகப் பிள்ளைகள் பாதி நேரத்தைத் தொலைப்பது அங்கேதான்.

மஸ்கெலியா பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவி பைத்தனில் ஒரு விளையாட்டு எழுதினாள். கணினி ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளும், ஆடுகிறவர் அது என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பைத்தனோடு வரும் 'ரேண்டம்' என்ற தொகுதியிலுள்ள 'ரேண்டின்ட்' தேவை. தன் கோப்புக்கும் ரேண்டம் என்றே பெயர் வைத்துவிட்டாள். "ரேண்டின்ட்ன்னு ஒண்ணு இல்லையாம் சேர்" என்று வந்து நின்றாள். எழுத்துப்பிழை தேடி ஒவ்வொரு வரியாகப் பார்த்து முடித்திருந்தாள், வரிகளில் ஒரு பிழையும் இல்லை. பைத்தன் முதலில் தேடுவது நம் நிரல் இருக்கும் கோப்புறையில், அதன் சொந்தத் தொகுதிகள் இருக்கும் இடம் அதற்குப் பிறகுதான். கதவு இலக்கமில்லாத லயத்துக்கு வரும் கடிதம் அந்தப் பெயரில் முதலில் அகப்பட்டவர் கைக்குப் போவதுபோல, அவள் நிரல் அவள் கோப்பையே கூப்பிட்டுக்கொண்டது.

2024இல் வந்த பைத்தன் 3.13, இப்படி நடந்தால் 'கோப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள்' என்று தானே சொல்கிறது. நல்ல காரியம். ஆனால் விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினியில் 3.8க்கு மேல் ஏற்ற முடியாது. நம் பிள்ளைகளில் பலருக்குக் கிடைப்பது அந்தக் கணினிதான்.

ஜாவா பக்கம் போனால் சங்கடம் வேறு. மேவன் என்ற கருவி, வேறு இடம் குறித்துக் கொடுக்காவிட்டால், 'எஸ்ஆர்சி' கோப்புறைக்குள் 'மெயின்', அதற்குள் 'ஜாவா' என்ற ஓரிடத்தில்தான் மூலநிரலைத் தேடும். கோப்பைப் பக்கத்துக் கோப்புறையில் வைத்துவிட்டால் அது கோபிப்பதில்லை. தொகுக்க எதுவும் இல்லை என்று நடுவில் ஒரு வரி முணுமுணுத்துவிட்டு, கடைசியில் 'வெற்றி' என்று பச்சை எழுத்தில் போடும். பிழைச்செய்தியைவிட இந்த வெற்றிச்செய்தி பிள்ளைகளை அதிகம் குழப்புகிறது. கொழும்பில் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் உருவாக்கிய பாலரீனா மொழியிலும் இப்படியொரு வழக்கம் உண்டு. ஒரு பொதியின் தலைக் கோப்புறையில் 'பாலரீனா.டாம்ல்' என்ற கோப்பு இருக்க வேண்டும், துணைத் தொகுதிகள் 'மொடியூல்ஸ்' கோப்புறைக்குள் இருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம் போதும்.

இதெல்லாம் நம் கணினிக்குள் நடக்கும் தேடல். இன்றைய கருவிகள் அதோடு நிற்பதில்லை. பிறர் எழுதிய நூலகங்கள் தேவைப்பட்டால் மேவன் முதலில் நம் கணினியிலுள்ள 'எம்2' கோப்புறையைப் பார்க்கும், இல்லாததை இணையத்திலுள்ள மத்திய களஞ்சியத்திலிருந்து இறக்கும். பாலரீனாவுக்கும் தனிக் களஞ்சியம் உண்டு. கொழும்பில் இருப்பவருக்கு இது கண்ணுக்கே தெரியாது. தேயிலை மலையின் ஒரு வளைவில் மட்டும் சிக்னல் எடுக்கும் தோட்டத்தில், போன் டேட்டாவில் முதல் தொகுப்பைத் தொடங்கும் பிள்ளைக்கு அது பாதியில் அறுந்துபோகும். திரையில் சிவப்பு வரிகள் கொட்டும். பிள்ளை தன் நிரலில்தான் பிழை என்று நினைத்து நன்றாக இருந்ததையும் மாற்றிக் கெடுக்கும்.

இதற்கு வழி கருவிகளுக்குள்ளேயே இருக்கிறது. மேவனுக்கும் பாலரீனாவுக்கும் இணையத்தைத் தொடாமல் தொகுக்கச் சொல்லும் 'ஓஃப்லைன்' கட்டளை உண்டு. கூகுளின் கோ மொழியில் தேவையான நூலகங்களை 'வெண்டர்' என்ற கோப்புறையில் நம் நிரலோடு சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். பைத்தன் பொதிகளை ஓரிடத்தில் இறக்கி, இணையமில்லாத கணினியில் நிறுவலாம். சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வரும் பயிற்சிக் காணொளிகளில் இவற்றைச் சொல்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை. அறுந்துபோகாத இணையம் எல்லாருக்கும் உண்டு என்று எண்ணித்தான் அவை எடுக்கப்படுகின்றன.

எடிட்டரில் ரன் பொத்தானை அழுத்தினால் போதாதா, பிள்ளைக்கு ஏன் இந்தத் தலைவலி என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அந்தப் பொத்தானும் கடைசியில் இதே பாதைகளில்தான் தேடுகிறது. கம்பனியில் சேரும் முதல் நாள் கையில் கொடுப்பது பிறர் எழுதிய பெரிய நிரல் ஒன்று, அதைத் தொகுத்து ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் அன்றைக்கே திணறுவார்.

தலவாக்கலையோ நுவரெலியாவோ, எந்த ஊர்க் கணினி நிலையமும் செய்யக்கூடிய வேலை ஒன்றிருக்கிறது. பாடத்துக்கு வேண்டிய நூலகங்களை ஒருமுறை இறக்கி, எம்2 கோப்புறையையும் பைத்தன் பொதிகளையும் ஒரு பென்டிரைவில் போட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் நகல் எடுத்துக் கொடுக்கலாம். செலவு பென்டிரைவுக்கு மட்டும்தான். என் அடுத்த வகுப்பில் முதல் நாள் மொழி எதையும் தொடப்போவதில்லை. ஓடுகிற நிரல் ஒன்றைக் கொடுத்து, அதன் கோப்பை ஒவ்வோர் இடமாக மாற்றி வைத்து, கருவி என்ன சொல்கிறது என்று கொப்பியில் எழுதச் சொல்லப்போகிறேன்.