ஓய்வுப் பொழுது: மூன்று ஒன்பதுகள்

ஞாயிறுதோறும் வாசகசாலையின் பின்கட்டில் இளைஞர்கள் கூடிப் போக்கர் ஆடுகின்றார்களாம். சங்கம் இதற்கும் இடங்கொடுக்கலாமா என்று சகோதரி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். கேள்வி நியாயமானதே. அங்கே ஆடுவோர் இளைஞர் மட்டுமல்லர், நாமும் ஆடுகிறோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். பணயம் புளியங்கொட்டை, காசு அன்று.

இது தொடங்கியதற்குக் காரணமும் உண்டு. நம் அன்பர் ஒருவரின் மகன் கைப்பேசியில் பணம் வைத்து ஆடி, ஒரு மாதச் சம்பளத்தை முழுதும் தொலைத்தார். 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றிய பின்னும், அவருடைய கைகள் சும்மா இருக்கவில்லை. தந்தையார் அவரை நம்மிடம் அழைத்து வந்தார். ஆட்டத்தை விடு என்று நாம் சொல்லவில்லை. பணத்தை விடு என்றோம். நாம் செய்தது சரிதானா என்பதை நேயர்கள் தாம் தீர்மானிக்க வேண்டும். ஆனால் அத்தம்பியிடம் சென்ற ஞாயிறு நாம் தோற்ற கதையைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

ஆட்டத்தின் பெயர் ஓமாஹா. ஒவ்வொருவர்க்கும் மறைவாக நான்கு சீட்டுகள். நடுவே எல்லோர்க்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று என ஐந்து சீட்டுகள் விரிக்கப்படும். கையிலிருந்து சரியாக இரண்டு, பொதுவிலிருந்து மூன்று. இந்த ஐந்தே கணக்கு. சீட்டு விரிக்குந்தோறும் பந்தயம் உண்டு. நடுவில் குவிந்திருக்கும் அளவுக்கு மேல் கட்டலாகாது.

நமக்கு வந்தவை இரண்டு ஒன்பது, ஓர் ஆசு, ஒரு ராஜா. நான்கும் நான்கு இனம். நடுவே விரிந்தவை ஒன்பது, எட்டு, மூன்று. அவையும் வெவ்வேறு இனம். ஆக நம்மிடம் மூன்று ஒன்பது. அந்த நேரத்தில் அதனை வெல்லும் கை மேசையில் எவரிடமும் இருக்க முடியாது. குவியலில் 10 கொட்டைகள். தம்பியோ எதற்கும் ஏற்றிக் கட்டுகிற சுபாவமுடையவர். அவரே கட்டட்டும், பின்னர் மடக்குவோம் என்று பேசாதிருந்தோம். அன்று பார்த்து அவரும் பேசாதிருந்தார்! நான்காம் சீட்டாக ராணி விழுந்தது. உடனே 10 கட்டினார், நாமும் வைத்தோம். கடைசிச் சீட்டு இரண்டு. 30 கட்டினார், அதையும் வைத்தோம். அவர் காட்டியவை ஜாக்கி, பத்து, ஏழு, ஆறு. அவையும் நான்கு இனம். எட்டிலிருந்து ராணி வரை ஐந்து சீட்டுத் தொடர்.

"மாமா, முதல் மூன்று சீட்டிலேயே நான்தான் முன்னால் இருந்தேன்" என்றார் தம்பி. நமக்குக் கோபம் வந்தது உண்மை. காகிதத்தை எடுத்து அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். ராணி நான்கு, ஐந்து நான்கு; ஜாக்கி, பத்து, ஏழு, ஆறு ஒவ்வொன்றிலும் மூன்று. இந்த 20 சீட்டுகளில் எது விழுந்தாலும் அவருக்குத் தொடர் அமையும். இருவர் கையையும் விரித்து வைத்தால் மிஞ்சியிருப்பவை 41 சீட்டுகளே. நடுவில் ஜோடி விழுந்து நம் கை புல் ஹவுஸாக மாறும் வழிகளையெல்லாம் நம் பக்கம் சேர்த்த பின்னும், நூறு முறை ஆடினால் அவருக்கு 54, நமக்கு 46. மேசையிலேயே உயர்ந்த கை, வெல்லும் வாய்ப்பில் பின்தங்கி நிற்கிறது! இரண்டே சீட்டு பிடிக்கும் ஆட்டங்களில் பழகியவர்களுக்கு இது எளிதில் மனத்தில் ஏறாது.

அப்படியானால் முதலிலேயே 10 கட்டியிருந்தால் அவர் ஓடியிருப்பாரா? மாட்டார். 10 வைத்து 20 எடுக்கலாம் என்றால் மூன்றில் ஒருமுறை வென்றாலே போதும். அவருக்குப் பாதிக்கு மேல் உண்டு. எனினும் கட்டியிருக்கத்தான் வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். ஓயாது ஏற்றிக் கட்டுகிறவரிடம் எப்பொழுதும் இத்தகைய கை இராது. வெறும் ஜாக்கியும் பத்தும் மட்டுமிருந்தால் அவருக்கு உதவுபவை ராணியும் ஏழுமாகிய எட்டே சீட்டுகள். அப்பொழுது நூற்றில் எழுபதுக்கு மேல் நம்முடையது. எட்டும் மூன்றும் சேர்ந்த இரண்டு ஜோடியுடனும் அவர் துள்ளுவார். இவர்களுக்கெல்லாம் அடுத்த சீட்டை இலவசமாகக் காட்டுவது அறிவன்று. அவரே கட்டுவார் என்று காத்திருப்பது, பத்துக்கு ஒன்பது தடவை கட்டுகிறவரிடம் பலிக்கலாம். பத்தாவது தடவையின் விலை மிகுதி.

நாம் கட்டி, அவர் மேலும் ஏற்றினால் என் செய்வது? கையிருப்புக் கொட்டை குறைவென்றால் அனைத்தையும் அப்பொழுதே வைத்து விடுவது நலம். பிறகு தீர்மானிக்க ஒன்றுமிராது. இருவரிடமும் மிகுதியாக இருந்தால், ஏற்றியதைக் கொடுத்துவிட்டு நான்காம் சீட்டைப் பார்க்கலாம்.

நம் உண்மையான பிழை ராணி விழுந்த பிறகு நேர்ந்தது. நமக்குத் தெரியாத சீட்டுகள் 44. அவற்றில் நம் கையை உயர்த்துபவை எட்டு, மூன்று, ராணி ஒவ்வொன்றிலும் மூன்றும், எஞ்சிய ஒன்பதும், ஆகப் பத்து. நான்கில் ஒரு பங்கு கூட இல்லை. மூன்றில் ஒரு பங்காவது வேண்டிய இடத்தில் 10 கொட்டையை வைத்தோம். ஏன் வைத்தோம்? சற்று முன் அது மேசையிலேயே உயர்ந்த கையாயிருந்தது. அதைக் கவிழ்க்க மனம் வரவில்லை. கடைசி 30 கொட்டையைப் பற்றி நாம் அவ்வளவு வருந்தவில்லை. வெறுங்கையுடன் மூன்றில் ஒருமுறை மிரட்டுகிறவரானால் அதனைக் கொடுத்துப் பார்ப்பது குற்றமன்று. தம்பி அந்த ரகம்தான்.

தந்தையார் அன்று மேசையருகே நின்று கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார். வீடு திரும்புகையில், மகன் பல மாதங்களுக்குப் பின் தம்மிடம் ஒரு விஷயத்தை விளக்கிச் சொன்னதாக நம்மிடம் கூறினார். வேறொன்றும் கூறவில்லை.

கடைகளில் இப்பொழுது கொட்டை நீக்கிய புளியே மிகுதியாக விற்பதால், வாசகசாலையில் கொட்டைப் பஞ்சம். வரும் ஞாயிறு ஆட வருகிறவர்கள் தத்தம் பங்கினைக் கொண்டு வருக.