முதலிடம் விற்பனைக்கு அல்ல

கூகுள் தேடலில் விளம்பரங்களை மறைக்க ஒரு பொத்தான் கொடுத்திருக்கிறார்கள். 2025 அக்டோபரில் வந்த மாற்றம் இது. எழுத்து விளம்பரங்கள் அதிகபட்சம் நான்கு, ஒரே தலைப்பின் கீழ் வரும்; வேண்டாதவர்கள் மடக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால், அந்தப் பொத்தான் இருப்பது விளம்பரங்களுக்குக் கீழே. நான்கையும் கடந்து வந்தவருக்குத்தான் அது கண்ணில் படும். இதையும் பயனருக்குக் கிடைத்த உரிமை என்று பாராட்டுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

இந்த விவாதத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. 2017 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. தன் விலை ஒப்பீட்டுச் சேவையை மேலே தூக்கி வைத்து, போட்டியாளர்களைக் கீழே தள்ளியது என்பது குற்றச்சாட்டு. ஆணையத்தின் கணக்கு இது: விளம்பரமல்லாத முடிவுகளுக்கு விழும் சொடுக்குகளில் சுமார் 95% முதல் பக்கத்தின் பத்து முடிவுகளுக்கே போகின்றன. முதல் முடிவுக்கு மட்டும் 35%. இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவுக்குக் கிடைப்பது 1%. போட்டி நிறுவனங்களில் முன்னணியில் இருந்தவையே சராசரியாக நான்காம் பக்கத்தில் கிடந்தன.

முதலில் இருப்பது நல்ல முடிவு, அதனால்தான் மக்கள் சொடுக்குகிறார்கள் என்று சமாதானம் சொல்ல முடியாது. அதே முடிவை மூன்றாம் இடத்துக்கு இறக்கினால் சொடுக்குகள் ஏறக்குறையப் பாதியாகின்றன என்றும் ஆணையம் கண்டது. சரக்கு மாறவில்லை, இடம்தான் மாறியது. கைபேசியின் சின்னத் திரையில் இந்த விளைவு இன்னும் கடுமை. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றமும் அபராதத்தை உறுதிசெய்துவிட்டது.

இந்தியாவிலும் இது நடந்தது. சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி நிறுவனமும் கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் கொடுத்த புகாரில், 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2010 வரை, செய்தி, படம் போன்றவற்றைத் தேடல் முடிவுகளுக்கிடையே காட்டும் கூகுளின் சிறப்புத் தொகுப்புகள் பொருத்தம் பார்த்து வைக்கப்படவில்லை. 1, 4, 10 ஆகிய இடங்கள் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்தன என்று அந்த உத்தரவு சொல்கிறது. உழவர் சந்தையில் கடை ஒதுக்கும் அதிகாரியே வாசலையொட்டித் தனக்கு மூன்று கடை போட்டுக்கொண்டால் விடுவோமா?

பிடிக்காவிட்டால் வேறு தேடுபொறிக்குப் போகலாமே என்பவர்களுக்குப் பதில் அமெரிக்காவிலேயே கிடைத்துவிட்டது. கருவிகளிலும் உலாவிகளிலும் இயல்புத் தேடுபொறியாக இருப்பதற்காக கூகுள் 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது அந்நாட்டு அரசு தொடுத்த வழக்கில் வெளிவந்தது. மக்கள் எளிதில் மாறிவிடுவார்கள் என்றால் யார் இவ்வளவு கொட்டிக் கொடுப்பார்கள்? 'விளம்பரம் என்றுதான் போட்டிருக்கிறதே' என்ற வாதம் அதைவிடப் பலவீனம். ஒரு காலத்தில் விளம்பரங்களுக்குப் பின்னால் தனி வண்ணம் இருந்தது. 2013இல் அது போய்ச் சின்ன மஞ்சள் முத்திரை வந்தது. 2016இல் முத்திரை பச்சையானது. பக்கத்திலிருந்த இணைய முகவரியும் பச்சை. 2020 ஜனவரியில் கணினித் திரையில் விளம்பரமும் சாதாரண முடிவும் ஒன்றுபோலத் தோன்றும் அளவுக்குப் போய், எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கினார்கள். இதெல்லாம் தற்செயலா? விளம்பரத்தில் பிழைக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று 1998இல் எழுதியவர்களே கூகுளை நிறுவிய செர்கெய் பிரினும் லாரி பேஜும்தான்.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க, வங்கியின் புகார் எண்ணைத் தெரிந்துகொள்ள, மருத்துவமனையைக் கண்டுபிடிக்கத் தேடுகிறவர் திரையில் முதலில் தெரிவதைத்தான் நம்புகிறார். போலிப் பாஸ்போர்ட் தளங்களிடம் ஏமாறாதீர்கள் என்று வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கும் நாடு இது. அந்த முதலிடத்தை ஏலம் விட ஒரு தனியார் நிறுவனத்துக்கு என்ன உரிமை?

பெரிய நிறுவனங்கள் தங்கள் சேவைக்கே சலுகை காட்டுவதைத் தடுக்கும் இந்திய டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவு 2024 மார்ச்சில் வெளியானது. தேடுபொறிகளும் அதன் வரம்புக்குள் வந்தன. அதை நிறைவேற்றுவதோடு நிற்கக் கூடாது. அரசுச் சேவை, வங்கி, மருத்துவம் தொடர்பான தேடல்களில் பக்கத்தின் தலைப்பகுதியில் விளம்பரமே கூடாது. தேடுபொறி நடத்துபவர் விமானப் பயணம், விடுதி, விலை ஒப்பீட்டுச் சேவைகளை நடத்தவும் கூடாது. இரண்டையும் அந்தச் சட்டத்திலேயே நாடாளுமன்றம் எழுத வேண்டும்.